இரண்டாம் ஓலை

உயிர்ப்பு ஞாயிறன்று சூசையப்பன் நன்மை வாங்கவில்லை.

கோயிலில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். வெள்ளிமுடி எஸ்டேட் மேல் டிவிஷன் கோயில் சின்னது. பாஸ்கா என்கிற உயிர்ப்புத் திருநாளுக்குக் கூடும் கூட்டம் வாசலைத் தாண்டித் தேயிலைச் செடிகளின் ஓரம் வரை நிற்கும். சனங்கள் பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் மண்டியிட்டு வாய் திறக்க, சாமியார் ஒவ்வொரு நாவிலும் நன்மை அப்பத்தை வைத்துக்கொண்டே போவார். தாடைக்குக் கீழே தட்டைப் பிடித்தபடி உபதேசியார் சூசையப்பன் கூடவே நகர்வார். எல்லோரும் வாங்கி முடிந்ததும் கடைசியாக அவருக்கு. பல வருஷ வழக்கம் அது.

அன்று சாமியார் அவர் பக்கம் திரும்பியபோது, சூசையப்பன் வேண்டாமென்று லேசாகத் தலையசைத்துத் தட்டைத் தாழ்த்திக்கொண்டார்.

பெண்கள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி மதலேனம்மாள் அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். காலையில் ஞாபகமில்லாமல் காப்பி குடித்துவிட்டேன் என்றார். நன்மை வாங்குகிறவர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டும். அன்று காலையில் அவள் அடுப்பே மூட்டவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை, பாஸ்கா காலத்திலாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்காதவன் கிறிஸ்தவனே இல்லை என்று தொழிலாளர் லயங்களில் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொல்கிற மனுஷன் அவர். வாரத்தில் ஆறு நாள் கொழுந்துக்காட்டில் கங்காணி. ஏழாம் நாள் உபதேசியார். அவருக்கு என்ன வந்தது என்று அந்த வாரம் முழுக்க மதலேனம்மாளுக்கு வேறு நினைப்பு ஓடவில்லை.

வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவில்லாத நேரம் வேறு. அதே உயிர்ப்பு ஞாயிறன்றுதான் மகள் ஞானப்பூவுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரைக் கோயிலில் கூப்பிட்டுச் சொல்வதற்குத்தான் ஓலை என்று பெயர். மாப்பிள்ளை கபிரியேல். தேயிலை பாக்டரியில் மிசின் பழுது பார்க்கும் பிட்டர். அதிகம் பேசமாட்டான். ஆனால் அவன் லயத்துப் பக்கம் வந்துவிட்டுப் போனால் ஞானப்பூ அன்று முழுக்க ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்.

ஞானப்பூவுக்கு இது இரண்டாம் கலியாணம். முதல் புருஷன் மிக்கேல் தேவிகுளத்துப் பக்கத்து ஆள். கீழே ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டும் இடத்தில் பாறை உடைக்கும் வேலைக்குப் போனான். அவளையும் அங்கே தகரக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தான். வைத்து அடித்தான். ஒருநாள் மழையில் நனைந்தபடி அவள் தனியாக மலை ஏறி வந்து நின்றபோது, ரவிக்கை முதுகுக் காயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மதலேனம்மாள் வெந்நீர் விட்டு விட்டு அதைப் பிரித்தெடுத்தாள்.

கடவுள் சேர்த்து வைத்ததை மனுஷன் பிரிக்கலாகாது என்று சொல்லி, காயம் ஆறியதும் சூசையப்பனே அவளைக் கூட்டிக்கொண்டுபோய் மறுபடி அந்தக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தார்.

அடுத்த தடவை அவள் வந்தபோது வயிற்றில் இருந்த பிள்ளை இல்லை.

அதற்குப் பிறகு அவர் மகளைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. அந்த ஆடி மழையில்தான் அணைக்கட்டுப் பக்கம் மலை சரிந்து, கொட்டகைகள் மண்ணுக்கு அடியில் போயின. செய்தி வந்ததும் சூசையப்பன் மட்டும் போனார். பிரேதத்தை அடையாளம் காட்டி, அங்கேயே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பினார். லயத்தில் யாரும் பெரிதாக அழவில்லை.

இந்தத் தவக்காலத்தில் கபிரியேல் பெண் கேட்டு வந்தபோது, பங்குச்சாமி யாக்கோபு அதை லேசில் விடவில்லை. அவர் இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மிக்கேலைப் பார்த்ததில்லை. முதல் புருஷன் செத்தது நிச்சயம்தானா என்று சாட்சி கேட்டார். சூசையப்பன் சுவிசேஷப் புத்தகத்தின் மேல் கைவைத்து, கண்ணால் பார்த்தேன், என் கையால் மண் போட்டேன் என்று சத்தியம் செய்தார்.

அந்தச் சத்தியத்துக்குப் பிறகுதான் அவர் நன்மை வாங்கவில்லை. பெரிய பாவத்தைச் சொல்லித் தீர்க்காமல் நன்மை வாங்கக் கூடாது. மதலேனம்மாள் யோசித்து யோசித்து, அடுத்த ஞாயிறு காலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பும்போதுதான் அது அவள் மனசில் தட்டுப்பட்டது. தட்டுப்பட்டதை அவள் அப்படியே அமுக்கிவிட்டாள்.

அது பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு. பீடத்தருகே பாஸ்கா திரி எரிந்துகொண்டிருந்தது. வெளியே வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பனி இறங்கிச் சன்னல்களை அடைத்துக்கொண்டு நின்றது. பூசைப் பிரசங்கம் முடிந்ததும் யாக்கோபு சாமி மலையாள வாடையடிக்கும் தமிழில் இரண்டாம் ஓலையை வாசித்தார். கபிரியேல் பெயர். ஞானப்பூ பெயர். காலஞ்சென்ற மிக்கேலின் விதவை. இந்தக் கலியாணத்துக்கு விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள் அதை வந்து சொல்லக் கடன்பட்டவர்கள் என்று முடித்துவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் சும்மா நின்றார்.

யாரும் அசையவில்லை. சூசையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்மை கொடுத்து முடிந்து சாமியார் அவர் பக்கம் திரும்பினார். சூசையப்பன் மறுபடியும் வேண்டாமென்று தலையசைத்தார். சாமியார் அப்பத்தை நீட்டியபடியே ஒரு கணம் நின்றார். பிறகுதான் பீடத்துக்குப் போனார்.

பூசை முடிந்து சனங்கள் கலைந்தபோது, கோயில் வளைவில் எஸ்டேட் லாரி நின்றது. டவுனிலிருந்து சாமியாரைக் கூட்டி வருவதும் கொண்டுபோய் விடுவதும் டிரைவர் செல்லத்துரை. அவன் கோயிலுக்குள் வருகிற ஆள் இல்லை. ஆனாலும் உபதேசியார் வீட்டில் பிள்ளை மாதிரிப் பழகியவன். அணைக்கட்டு வேலைக்கு ஆள் ஏற்றிப்போன நாளில் மிக்கேலையும் அவனுக்கு நன்றாகத் தெரியும். மதலேனம்மாளைப் பார்த்ததும் லாரிக்கு மறுபக்கம் வரச்சொல்லிக் கையைக் காட்டினான்.

"அக்கா, சொல்லலாமா வேண்டாமான்னு எனக்கு ரெண்டு மூணு நாளா தூக்கமில்ல," என்றான். "சக்குபள்ளத்துல ஏலக்கா காயவைக்கிற ஒரு ஸ்டோருக்கு வெறகு இறக்கப் போயிருந்தேன். வெறகு அடுக்க ஒரு ஆளு வந்தான். தாடி வச்சிருந்தான். பேரு இன்னாசின்னாங்க. இடது கையில சுண்டுவிரலு பாதிதான் இருந்திச்சு."

மிக்கேலின் இடது சுண்டுவிரல் பாதி, முன்பு வேலை பார்த்த கல்குவாரி மிசினில் போனது. கலியாணத்துக்கு முன்னாலேயே போனது.

உலகத்தில் விரல் போனவன் ஒருத்தன்தானா என்று மதலேனம்மாள் கேட்டாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். லாரிய எடுக்கும்போது கிட்ட வந்து, என்ன செல்லத்துர, வெள்ளிமுடியில உபதேசியார் மகளுக்குக் கலியாணமாமே அப்படின்னான். நான் அவன்கிட்ட எம்பேரச் சொல்லலக்கா."

இதை வேறு யாரிடமாவது சொன்னாயா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றான். சொல்லாதே என்றாள். அந்த வார்த்தை தன் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று மேல் டிவிஷன் லயங்களில் வீடு மந்திரிக்கும் நாள். பாஸ்காவில் மந்திரித்த புதுத் தண்ணீரைச் சாமியார் வீடு வீடாகத் தெளித்துக்கொண்டு வருவார். செம்பைச் சுமந்துகொண்டு உபதேசியார் முன்னால் நடப்பார். ஒவ்வொரு வீட்டிலும் வாசல் கூட்டி, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி வைத்திருப்பார்கள். பாக்டரியில் உருளை மிசின் நின்றுவிட்டதென்று ஆள் வந்து கூப்பிட்டதால், கபிரியேல் பூசை முடிந்த கையோடு போய்விட்டான். அது நல்லதாகப் போயிற்று என்று மதலேனம்மாள் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் அன்று நிற்க முடிந்திராது.

சாமியார் அவர்கள் வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. மூலைக்கு மூலை தண்ணீர் தெளித்தார். ஞானப்பூ முட்டி போட்டுத் தலையைக் கொடுத்தாள். அவள் நெற்றியில் விழுந்த தண்ணீரைத் துடைக்காமலே சிரித்தாள். அடுப்படியில் போய்ச் சாமியாருக்குக் காப்பி கலக்கத் தொடங்கினாள். சாமியார் கீழ் லயத்தை முடித்துவிட்டு வந்து குடிப்பதாகச் சொல்லிவிட்டு, வாசலில் வைத்துச் சூசையப்பனிடம் தாழ்ந்த குரலில், எல்லா வீடும் முடிந்ததும் கோயிலில் உட்கார்ந்திருப்பேன், நீங்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வர வேண்டும் என்றார். கேட்பது மாதிரிச் சொன்னாரே தவிர, அது கேள்வி இல்லை.

சாமியார் பக்கத்து வீட்டாரோடு பேச்சுக் கொடுத்தபடி முன்னால் நகர்ந்தார். செம்பில் தண்ணீர் குறைந்துவிட்டதென்று, குடத்தில் வைத்திருந்த மந்திரித்த தண்ணீரை நிரப்பிக்கொள்ளச் சூசையப்பன் பின்கட்டுக்கு வந்தார். மதலேனம்மாள் கதவை ஒருக்களித்துவிட்டு அவர் எதிரே நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னிக்கு நீங்க பாத்த பிரேதத்துக்கு இடது கையில சுண்டுவிரலு முழுசா இருந்திச்சா?"

சூசையப்பன் செம்பைப் பார்த்தார்.

"முகம் இல்ல," என்றார். "மண்ணும் கல்லுமா... முகமே இல்ல. கை மட்டும் நல்லா இருந்திச்சு."

"வெரலு?"

"எல்லாம் இருந்திச்சு."

அடுப்படியில் ஞானப்பூ டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. மெல்லிய குரலில் அல்லேலூயா பாடிக்கொண்டிருந்தாள்.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். அன்று அங்கே வரிசையாகக் கிடத்தி வைத்திருந்தார்கள். இதில் உம்முடைய ஆள் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இவளைத் திருப்பிக் கொண்டுபோய் விட்ட நாள் கண்முன்னால் வந்து நின்றது. இல்லை என்று சொன்னால், அவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று ஆகும். என்றைக்காவது வருவான். இவள் போக வேண்டும். நானே கூட்டிக்கொண்டு போய் விட வேண்டும். அதனால் ஒரு பிரேதத்தைக் காட்டி, இவன்தான் என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப அவன் வேற எடத்துல மண்ணுக்குள்ள கெடக்கான்னுதான் நெனச்சேன், மதலேன். நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்."

மதலேனம்மாள் அவரைத் திட்டவில்லை. அவளுக்கு அந்த ரவிக்கைத் துணி ஞாபகம் வந்தது; அது முதுகிலிருந்து பிரிந்து வந்த விதமும் ஞாபகம் வந்தது. இதே மனுஷன் அப்போது மகளைத் திருப்பி அனுப்பினார் என்று இரண்டு வருஷமாக உள்ளுக்குள் வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. செல்லத்துரை சொன்னதை அவரிடம் சொன்னாள். அவர் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டாம் என்றாள். தலைவலி, காய்ச்சல், எதையாவது சொல்லிவிடலாம். இன்னும் ஒரு ஓலை. அது முடிந்து கலியாணமும் முடிந்துவிட்டால், பிறகு வருகிறது வரட்டும்.

"பாவம்லா அது," என்றார் அவர்.

"எனக்கும் சேத்துத்தான் பாவம். போங்க, சாமி தேடுவாரு."

அவர் போனார். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். பனி கொஞ்சம் விலகியிருந்தது. சரிவுக்குக் கீழே கடைசி லயம் தெரிந்தது. அதில் கோடி வீட்டுக்காரர்கள் தை மாதமே சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். பூட்டிக் கிடக்கும் வீடு. அந்த வீட்டுக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

யாராவது புதிதாகக் குடிவந்திருப்பார்கள் என்று நினைக்கப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையில் எஸ்டேட்டில் யாருக்கும் வீடு கொடுக்க மாட்டார்கள். அடுப்படியில் எட்டிப் பார்த்தாள். ஞானப்பூ இல்லை. தூக்குப் பாத்திரமும் இல்லை. சாமியார் நடந்து களைத்திருப்பார், காப்பியைக் கீழேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று அவள் சொன்னாளாம். பக்கத்து வீட்டு வேலுத்தாய் சொன்னாள்.

மதலேனம்மாள் குறுக்குப் பாதையில் இறங்கினாள். தேயிலைச் செடிகள் சேலையைப் பிடித்து இழுத்தன. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் அந்த வீட்டுக்கும் கேட்கும் என்று மூடிக்கொண்டாள். அவள் கீழே வந்து சேர்ந்தபோது சாமியாரும் சூசையப்பனும் கோடி வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள்.

கதவு திறந்திருந்தது. உள்ளே மேசை இல்லை, துணி இல்லை, சுரூபம் இல்லை. வெறும் தரையில் ஒரு தாடிக்காரன் வாசலைப் பார்த்து மண்டியிட்டிருந்தான். இந்த வாசலுக்கு யார் வருவார்கள் என்று தெரிந்து காத்திருந்தவனைப் போல இருந்தான். கூப்பிய கைகளில் இடது சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

சாமியார் அவன் மேல் தண்ணீர் தெளித்தார். பெயரைக் கேட்டார்.

"இன்னாசி, சாமி."

எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். ஏலக்காய் ஸ்டோரில் இருந்ததாகவும், இங்கே வேலை தேடி வந்ததாகவும் அவன் சொன்னான். சொல்லும்போது சாமியாரைப் பார்க்கவில்லை. செம்பைப் பிடித்திருந்த சூசையப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது.

இவரைத் தெரியுமா என்று சாமியார் உபதேசியாரிடம் கேட்டார்.

சூசையப்பன் செம்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியல சாமி. புதுசா வந்த ஆளா இருக்கும்."

மண்டியிட்டிருந்தவன் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டான். மதலேனம்மாளுக்கு எல்லாம் விளங்கியது. அந்தப் பொய் இருக்கிற வரைக்கும் அவன் அவர்களை விட மாட்டான். இனிமேல் இந்தச் சிரிப்பு அவர்கள் வீட்டு வாசலில் இருக்கும். கலியாணத்தன்று கோயில் வாசலில் இருக்கும். ஞானப்பூவுக்குப் பிள்ளை பிறந்தாலும் அந்தத் தொட்டிலடியில் வந்து நிற்கும். தான் காலையில் செல்லத்துரையிடம் சொல்லாதே என்று சொன்ன ஒரு சொல்லுக்கு இதுதான் அர்த்தம்.

அப்போதுதான் வண்டிப்பாதையைச் சுற்றிக்கொண்டு லயத்தின் மறுகோடியிலிருந்து ஞானப்பூ வந்தாள். ஒரு கையில் தூக்குப் பாத்திரம், இன்னொரு கையில் டம்ளர். மதலேனம்மாள் நாலு எட்டு முன்னால் போய் அவள் கையைப் பிடித்தாள். வீட்டுக்கு வாட்டி என்றாள். ஆனால் ஞானப்பூ அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டாள்.

அவள் கத்தவில்லை. ஓடவில்லை. அவள் கை ஜில்லென்று ஆனதை மதலேனம்மாள் உணர்ந்தாள். ஞானப்பூ அம்மாவின் கையை விலக்கினாள். தூக்குப் பாத்திரத்தை லயத்துக் கல்லின் மேல் வைத்தாள். சாமியாருக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாமி, இவரு பேரு இன்னாசி இல்ல. மிக்கேல். எனக்குத் தாலி கட்டுனவரு."

சாமியார் அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. இதை அவன் எதிர்பார்க்கவில்லை. இந்தப் பெண் எப்போதும் பயந்து நிற்பதுதான் அவனுக்குப் பழக்கம்.

"அடுத்த ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்க வேண்டாம்," என்றாள் ஞானப்பூ. குரல் அங்கேதான் லேசாக உடைந்தது. "கபிரியேலுகிட்ட நானே போய்ச் சொல்லிக்கிடுதேன். ஆனா இவருகூட நான் போக மாட்டேன். எங்கப்பா கூட்டிட்டுப் போய் விட்டாலும் போக மாட்டேன். நீங்க சொன்னாலும் போக மாட்டேன் சாமி."

சூசையப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மதலேனம்மாள் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பக்கத்து வீடுகளில் சனங்கள் வாசலுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். சாமியாருக்குக் கோபம் வந்தால் மலையாளம்தான் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது வந்தது தமிழ்தான்.

"உபதேசியாரே, அப்போ அங்க நீங்க அடக்கம் பண்ணினது யாரை?"

மதலேனம்மாள் மத்தியானத்திலிருந்து விரலைப் பற்றியும் மகளைப் பற்றியும் நினைத்தாளே தவிர, அந்த முகமில்லாத மனுஷனைப் பற்றி அவள் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவனுக்கும் ஒரு வீடு இருக்கும். அங்கே ஒருத்தி இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"தெரியாது சாமி," என்றார் சூசையப்பன். "சத்தியமாத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

சொன்னவன் மிக்கேல். அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. முதல் தடவையாக அவன் சாமியாரை நேராகப் பார்த்தான்.

"அவன் யாரு, எப்படிச் செத்தான்னு எனக்குத் தெரியும் சாமி. ஆனா இங்க வச்சுச் சொல்ல மாட்டேன். அது எம் பாவம். பாவசங்கீர்த்தனத்துல மட்டுந்தான் சொல்லுவேன். நீங்க வெளிய யாருகிட்டயும் அதச் சொல்லக் கூடாதுல்லா?"